எங்கே இருந்து எழுதினார் என்று கேளுங்கள்

ஒரகடம் கூட்டு ரோட்டைச் சுற்றியுள்ள வாடகை ரூம்களிலும் ஹாஸ்டல்களிலும் தங்கியிருக்கும் பிள்ளைகளில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள். ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் மணி எழுப்பிவிடும். இங்கே பலருக்கு ஞாயிறும் ஒரு ஷிப்ட். எங்கள் சின்னச் சபைக்கு வருகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம், "ஐயா, மனசு சோர்ந்துபோனா எடுத்துப் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நான் போதகன் இல்லை. இந்தச் சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சபையின் புத்தக அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். தனித்தனியாக உங்களிடம் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. சின்னப் புத்தகத்தில் தொடங்குங்கள்.

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் தமிழாக்கிய அந்த நூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. மொத்தமே 16 பக்கம். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூழ்கி முத்தெடுத்துப் பிழைத்த மக்கள், ஒரு சின்ன ஜெபப் புத்தகத்துக்காகக் கைக்காசைக் கொடுத்தார்கள். தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே சின்னப் புத்தகம் என்று கூச்சப்பட வேண்டாம். வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் உங்கள் ரூமிலேயே இருப்பார்கள். நீங்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். அடுத்து பிலிப்பியர் நிருபம், நான்கே அதிகாரம். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற திருப்தி தொடக்கக்காரருக்கு மிகவும் வேண்டும்.

2. புத்தகம் எவ்வளவு இனிக்கிறது என்று பார்க்காதீர்கள். எழுதியவர் எங்கே இருந்து எழுதினார் என்று கேளுங்கள்.

நான் சொல்லப்போவதில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1901 முதல் டோனாவூரிலேயே தங்கி ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தவர். 1931இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் தவறி விழுந்து கால் ஒடிந்தது. அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டு, பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். அன்பர்கள் ஆறுதல் புத்தகங்கள் அனுப்பினார்கள். பல அவர் மனதில் ஒட்டவில்லை. நல்ல உடம்போடு இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதிய புத்தகங்கள் அவை. அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக அவரே எழுதினார். 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற பெயரில் அது புத்தகமாயிற்று. வலி நாளைக்கே போய்விடும் என்று அவர் உறுதி தருவதில்லை. போகாத வலியோடு கடவுளின் பக்கத்தில் எப்படி இருப்பது என்று பேசுகிறார்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் காவலில் கட்டுண்டு இருந்தபோதுதான். சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசும் நிருபம் அதுவே. நம்பிக்கை இழக்கக் காரணம் இருந்த இடத்தில் உட்கார்ந்து ஒருவர் நம்பிக்கையைப் பற்றி எழுதினால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. எனவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். யார் எழுதியது, எப்போது, எந்த நிலையில் என்ற மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

3. வேதாகமத்தில் எந்தப் பதிப்பு என்று சண்டை போடாதீர்கள்.

மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து செய்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. ஆகவே இங்கேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். வார்ப்பு வேலை தெரிந்த தம்பிகளுக்கு அதன் பாடு புரியும். பிறகு பப்ரிசியுஸ், இரேனியுஸ் என்று பலர் உழைத்தார்கள். பவர் ஐயரின் குழு செய்த மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. உங்கள் பாட்டி கையில் இருக்கும் பழைய திருப்புதல் அதுதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் 1995இல் வந்தது. பழையதில் ஓசை உண்டு, மனப்பாடத்துக்கு ஏற்றது. புதியதில் பொருள் சட்டென்று விளங்கும். முதல் தடவை வாசிக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளங்காத இடத்தில் மற்றதைப் பாருங்கள்.

4. சீட்டு எடுப்பதுபோல் வேதத்தைத் திறக்காதீர்கள்.

புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்டர்வியூவுக்குப் போகுமுன் கண்ணை மூடிப் பக்கத்தைத் திறப்பது, அங்கே பட்ட வசனத்தை வைத்து வேலையை விடுவது, கல்யாணத்தை முடிவு செய்வது என்று போனால் ஆபத்து. "அகஸ்டின் அப்படித்தானே திருந்தினார்?" என்று ஒரு தங்கை கேட்டாள். உண்மைதான். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்தவருக்கு, எடுத்து வாசிக்கச் சொல்லும் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. பவுலின் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட வரியில் வாழ்க்கை மாறியது. தம்முடைய 'அறிக்கைகள்' நூலில் அவரே அதைச் சொல்கிறார். ஆனால் அதே நூலில் அதற்கு முன்னால் பல ஆண்டு வாசிப்பும் தேடலும் இருக்கின்றன. அம்புரோஸ் ஆயரின் பிரசங்கங்கள் இருக்கின்றன. தாய் மோனிக்காவின் கண்ணீர் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள். வரிசையாக வாசிக்கிறவருக்குத்தான் தேவையான நாளில் தேவையான வசனம் நினைவுக்கு வரும்.

5. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் படிக்காதீர்கள், தூங்குங்கள்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். எலியா உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்கிறார். தேவதூதன் வந்து போதனை செய்யவில்லை. தூங்கவிட்டான். எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கடவுள் அவரிடம் கேள்வி கேட்பதெல்லாம் அதற்கப்புறம், நெடுந்தூரம் நடந்து ஓரேபை அடைந்த பிறகு. சோர்ந்த உடம்புக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்காதீர்கள்.

சி ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, பிறகு கால் மணி நேரம் போதும். ஏ ஷிப்ட் வாரத்தில் திரும்பி வரும் கம்பெனி பஸ் நல்ல நேரம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் பைக்குள் ஒரு சின்ன அச்சுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். லைன் ஓடும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். விரல் போனால் அதைப் பக்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

6. அழுகை இருக்கும் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

சங்கீதம் 23, 91, 121 எல்லோருக்கும் தெரியும், காலண்டரில் தொங்குகிறது. 13ஐ வாசித்ததுண்டா? ஆறே வசனம். இன்னும் எத்தனை காலம் என்று கடவுளையே நான்கு தடவை கேட்கிறது. 88ஐ வாசியுங்கள். அது இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் பெரியவர்கள் வேதம் என்று கட்டி வைத்தார்கள். புலம்பல் ஐந்து அதிகாரத்தில், நடுவில் மூன்றாவதில் நம்பிக்கை எழும்புகிறது. அதன் பிறகும் புலம்பல் தொடர்கிறது. நம்பிக்கை வந்த மறுநாளே கண்ணீர் வரலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த வட்டாரத்துக்கு இது தேவை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் நிறுத்தியது. வீட்டுக்கடன் வாங்கியவர்களும், தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் எல்லாம் நன்மைக்கே என்று ஒருவரின் தோளில் தட்டிவிட்டுப் போவதைவிட, பதிமூன்றாம் சங்கீதத்தை அவரோடு சேர்ந்து வாசிப்பது மேல்.

7. உழைத்தவர்களின் புத்தகங்களைத் தேடுங்கள்.

'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியன் ஊர் ஊராகப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த உலோகத் தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று 1660இல் பிடித்து, பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டு வைத்தார்கள். பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை; அவர் சொல்லவில்லை. வீட்டில் கண் தெரியாத மகள். சிறைக்குள் உட்கார்ந்து லேஸ் கயிறு செய்து விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். 1678இல் வந்த அந்தப் புத்தகத்தில் பயணி வீட்டைவிட்டுக் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே சேற்றில் விழுகிறான். தொடக்கத்திலேயே விழுவது இயல்பு என்று தெரிந்தவர் எழுதிய கதை.

பாரிஸில் ஒரு மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் 1691இல் இறந்தார். காயம்பட்டுக் கால் ஊனமான பழைய சிப்பாய். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஜெபவேளையில் இருப்பதுபோலவே கடவுளோடு இருக்க முடியும் என்பதுதான் அவர் விட்டுச்சென்ற பேச்சும் கடிதங்களும். ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய அளவு. கேன்டீனில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

தமிழிலும் பாருங்கள். வீரமாமுனிவர் 1726இல் பாடி முடித்த தேம்பாவணி 3,615 பாடல் கொண்ட பெருங்காப்பியம். அதன் நாயகன் அரசன் இல்லை. வளன் என்று அவர் பெயரிட்ட சூசையப்பர், ஒரு தச்சர். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தில் உலைக்களத்துக் கொல்லன் வருகிறான். அனலில் வாடும் உடம்பு, காதில் சம்மட்டிச் சத்தம், மாதிரியை விட்டு அகலாத கண். ஃபோர்ஜ் ஷாப்பில் நின்றவர் எழுதியது போலவே இருக்கும். இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் எந்த ஊரிலும் குடியிருக்க முடியாது என்கிறது அந்த நூல்.

8. வலியைப் பற்றி ஒரு புத்தகமாவது படியுங்கள்.

டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் லண்டனில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து விரிய வைத்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் போகின்றன என்று பிராண்ட் கண்டறிந்து சொன்னார். எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1980இலும் 1993இலும் அவர் எழுதிய புத்தகங்களில் இதெல்லாம் விரிவாக வருகிறது. வலி உடம்பைக் காக்கும் காவல் என்று கை அறுவை மருத்துவர் ஒருவர் விளக்குவதைக் கையால் பிழைக்கும் நாம் படிக்காமல் யார் படிப்பது? முதுகு வலியையும் கண் எரிச்சலையும் மறைத்து ஓ.டி. பார்க்கும் தம்பிகளுக்கு அதில் பாடம் இருக்கிறது. வலியைச் சொல்வது பலவீனம் இல்லை என்று அங்கே தெரிந்துகொள்வீர்கள்.

9. வரலாறு படிக்கும்போது தவறிய இடங்களையும் படியுங்கள்.

பப்ரிசியுஸ் ஐயர் மாபெரும் மொழிபெயர்ப்பாளர். 1740இல் தமிழகம் வந்து, வேப்பேரியில் நெடுங்காலம் உழைத்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. அகராதியும் செய்தார், ஞானப்பாட்டுகளும் தமிழில் தந்தார். அவரேதான் முதுமையில் பண விவகாரத்தில் சிக்கினார். பிறர் நம்பிக் கொடுத்த பணம், கடனாகப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. கடனுக்காகச் சிறையும் போனார். 1791இல் இறந்தார்; பழைய ஏற்பாடு 1796இல்தான் முழுதாக வெளிவந்தது. இதை மறைத்து எழுதிய வரலாறு உங்களுக்கு உதவாது. பரிசுத்தமான மனிதருக்கும் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ரூம்மேட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமுன், போனில் வரும் கடன் ஆப்பைத் தொடுமுன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தந்த வேதத்தையும் பாட்டையும் தமிழ்ச் சபை தள்ளிவிடவில்லை. குறையுள்ளவர் கையாலும் நன்மை வரும் என்பது நமக்கெல்லாம் ஆறுதல்தானே.

10. பணம் வரும் என்று சொல்லும் புத்தகத்தைக் கீழே வையுங்கள்.

இத்தனை நாளில் கடன் தீரும், இவ்வளவு காணிக்கை விதைத்தால் இவ்வளவு அறுக்கலாம், விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் புத்தகங்கள் நம் கைக்கு இலவசமாகவே வரும். அவற்றைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்தப் புத்தகத்தை யோபுவுக்கு வாசித்துக் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். நீ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கஷ்டம் என்று விளக்கத் தொடங்கியபோது கெட்டுப்போனார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த விளக்கக்காரர்களிடம்தான். கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாத பிள்ளையிடம் உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் எந்தப் புத்தகமும் அந்த நண்பர்களின் வரிசையில் சேரும். மருந்தை நிறுத்தச் சொன்னால் அதைத் தூக்கிப் போடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

11. பாட்டுப் புத்தகமும் வாசிக்கத்தான்.

பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு மூடிவிடுகிறோம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டை, ராகம் இல்லாமல், நிதானமாக வாசித்துப் பாருங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு படித்தவர். குறவஞ்சி, நாடகம், கீர்த்தனை என்று ஊர் மக்கள் அறிந்த வடிவங்களிலேயே சுவிசேஷத்தைப் பாடினார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். 1858இல் கிறிஸ்தவரானார். பனியனின் கதையை எடுத்து, கம்பனின் நடையில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக 1894இல் தந்தார். தொடக்கக்காரருக்கு அது கடினம்தான். முதலில் 'மோட்சப் பிரயாண'த்தை உரைநடையில் முடித்துவிட்டு, பிறகு யாத்திரிகத்தின் நடுவே வரும் இரட்சணிய தேவாரத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் பாதி விளங்கினாலும் ஓசை உள்ளே இறங்கும். தேம்பாவணியும் யாத்திரிகமும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

12. இரண்டு பேராவது சேர்ந்து வாசியுங்கள்.

ஹாலந்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் குடும்பம் கோரி டென் பூம் உடையது. யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944இல் கைதாகி, அக்காள் பெட்சியோடு நாஜிகளின் ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமுக்குப் போனார். தங்கியிருந்த கொட்டகை முழுதும் தெள்ளுப்பூச்சி. அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வருவதில்லை. அதனால் ஒளித்துக் கொண்டுபோன வேதத்தை மற்றப் பெண்களோடு சேர்ந்து வாசிக்க முடிந்தது. பெட்சி அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே இறந்தார். கோரி பிழைத்து வந்து சொன்னது 1971இல் 'தி ஹைடிங் பிளேஸ்' என்ற புத்தகமாயிற்று.

வல்லம் வடகாலில் 2024இல் திறந்த சிப்காட் விடுதி 18,720 பெண்கள் தங்கும்படி கட்டப்பட்டது. அவ்வளவு பேர் இருக்கும் இடத்திலும் தனிமையாக இருக்கிறது என்று தங்கைகள் சொல்கிறார்கள். ஒரே ஷிப்டில் இருக்கும் ஒருத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு அதிகாரம். பிரசங்கம் செய்ய வேண்டாம். ஒருத்தி வாசிக்க, மற்றவள் கேட்டு, புரியாத இடத்தைப் புரியவில்லை என்று சொன்னால் போதும்.

13. அறைத்தோழரின் தலையணை மேல் துண்டுப்பிரதி வைக்காதீர்கள்.

இது இராமானுஜர் பிறந்த ஊரின் பக்கம். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவரை இன்றும் நாடி வருகிறார்கள். உங்கள் ரூமில் ஒருவர் பாசுரம் கேட்பார், ஒருவர் தொழுகை விரிப்பு விரிப்பார், ஒருவருக்குக் கடவுளே வேண்டாம். அவர்கள் தூங்கும் நேரத்தில் சத்தமாக வாசிக்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது பாத்திரம் கழுவும் முறையைத் தவறவிடாதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் நல்ல நூலையும் வாங்கிப் படியுங்கள். ஜி.யு. போப் ஐயர் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். திருவாசகம் வந்தபோது அவருக்கு 80 வயது. அவருடைய விசுவாசம் அதனால் குறையவில்லை.

14. எங்கே வாங்குவது?

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் பஸ். அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன். பார்க் டவுனில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் இருக்கிறது. 1858 முதல் வேர் உள்ள பழைய பதிப்பகம். அருகிலேயே சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய மூர் மார்க்கெட்டுப் புத்தகக்காரர்களின் கடைகள். பொறுமை இருந்தால் அட்டை கிழிந்த பொக்கிஷம் கிடைக்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வாராந்தர விடுப்பு நாள் ஒன்றை ஒதுக்குங்கள். மாதத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் வாங்காதீர்கள். படித்து முடித்தபின் அடுத்தது. காசில்லாத மாதத்தில் சபை அலமாரி இருக்கிறது. பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள்.

15. புத்தகம் போதாத இரவில் ஆளைத் தேடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அந்த நேரத்தில் புத்தகத்தை எடுக்காதீர்கள், போனை எடுங்கள். 14416 என்பது அரசின் டெலி மனஸ் எண். இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். வீட்டுக்குச் சொல்லுங்கள், போதகருக்குச் சொல்லுங்கள், என் கதவைத் தட்டுங்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த தேவதூதனை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

இந்த வாரமே தொடங்குகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிவிடுகிறேன். மாற்கு, பிலிப்பியர், சங்கீதம் 13. பிறகு சகோதரர் லாரன்ஸ். அதன்பின் 'மோட்சப் பிரயாணம்'. ஆங்கிலம் ஓரளவு ஓடுமானால் ஏமி கார்மைக்கேல், பால் பிராண்ட். இதை முடிக்க ஓராண்டு ஆனாலும் பரவாயில்லை. அதற்குள் வேலை போன ஒருவரோ, வீட்டில் சாவு கண்ட ஒருவரோ உங்கள் பக்கத்து ரூமில் இருப்பார். அவர் பக்கத்தில் போய், விளக்கம் சொல்லாமல், கொஞ்ச நேரம் உட்காரத் தெரிந்திருந்தால் படித்தது உங்களுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது வாருங்கள், அடுத்த புத்தகத்தை எடுத்துத் தருகிறேன்.